காசா சுசானா: ஒரே படம், மூன்று சந்தைகள்

இந்தக் குறிப்புக்காகக் கணினியில் ஒரு தனி ஃபோல்டர் வைத்திருந்தேன். பெண்ணுடை அணிந்த ஆண்களின் பழைய புகைப்படங்கள். ஏலத் தளங்கள், கேலரிப் பக்கங்கள், அருங்காட்சியகப் பட்டியல்கள் என்று பல இடங்களில் சேமித்தது. வழக்கமாக இங்கே கட்டுரைக்கு நடுவே நாலைந்து படம் போடுவேன். இந்த முறை ஒன்றுகூடப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்கான பதில்தான் கீழே இருப்பது.

முதலில் சொற்கள். கிராஸ்டிரெஸ்ஸர் என்று இங்கே எழுதுவது, ஆணாக வாழ்ந்துகொண்டே சில நேரங்களில் பெண்ணுடை அணிபவர்களை. திருநங்கை என்பது வேறு. அது உடை பற்றியதல்ல, ஒருவர் யார் என்பது பற்றியது. இரண்டையும் குழப்பக்கூடாது என்று நாம் இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1960களில் ஒரு படத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கே தான் இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த விஷயம் பின்னால் முக்கியமாகும். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. 'அவர்' என்று போட்டால் போதும், ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் படும் பாடு நமக்கு இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

'கலை' என்ற சொல் எதற்காக

ஒரு சிறு வட்டத்துக்காக எடுத்த படத்தை 'கலைப்படம்' என்று சொல்லி விற்பது புதிதல்ல. அமெரிக்காவில் 1950களில் அந்தச் சொல்லுக்கு ஒரு சட்டப் பயனும் இருந்தது. தபாலில் 'ஆபாசம்' அனுப்பினால் வழக்கு. கலை என்று காட்ட முடிந்தால் தப்பிக்க வழி உண்டு. உடற்பயிற்சி செய்த இளைஞர்களின் படங்களைத் தபாலில் விற்ற பத்திரிகைகள் கிரேக்கச் சிலை, ஓவிய மாணவர்களுக்கான மாதிரி என்றெல்லாம் பேசியது இதனால்தான். வாங்கியவர்களில் பலர் எதற்காக வாங்கினார்கள் என்பது விற்றவருக்கும் தெரியும், தபால்துறைக்கும் தெரியும். 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேனுவல் எண்டர்பிரைசஸ் வழக்கில் இத்தகைய பத்திரிகைகளைத் தபாலில் அனுப்பலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆக, 'கலை' என்பது அன்றைக்கு ஒரு குடை. இன்று அந்தக் குடையின் கீழ் ஒதுங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சொல் போகவில்லை, வேலையை மட்டும் மாற்றிக்கொண்டது. அன்று வழக்கிலிருந்து காப்பாற்றியது இன்று விலையை ஏற்றுகிறது. இந்த மாற்றத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்து காசா சுசானாவை விடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே எடுத்த படங்கள் மூன்று சந்தைகளைக் கண்டவை.

முதல் சந்தை: இருபத்தைந்து பேர், நாலு டாலர்

1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் வர்ஜீனியா பிரின்ஸ் 'டிரான்ஸ்வெஸ்டியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முதலீடு நூறு டாலர். தெரிந்தவர்கள் இருபத்தைந்து பேர் ஆளுக்கு நாலு டாலர் போட்டார்கள். குறுஞ்சந்தை என்று இன்றைய வணிகப் பாடத்தில் சொல்வார்களே, அதன் மிகச் சுத்தமான வடிவம் இது. வாங்குபவர், எழுதுபவர், படம் அனுப்புபவர், பணம் போடுபவர் எல்லாரும் ஒரே ஆட்கள்தான். வாசகர்கள் தங்கள் கதையை எழுதி, தங்கள் படத்தையும் அனுப்பினார்கள். தாங்கள் தேர்ந்துகொண்ட பெண் பெயரோடு.

அந்தப் பத்திரிகையில் பத்தி எழுதியவர்களில் ஒருவர் சுசானா வலென்டி. அவரும் அவர் மனைவி மரியும் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் வார இறுதி விடுதி நடத்தினார்கள். மரிக்கு மன்ஹாட்டனில் ஒரு விக் கடை இருந்தது. முதல் இடத்துக்கு 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ராஜதந்திரியும் உளவாளியுமான ஷெவாலியே தெயோனின் பெயர் வைத்தார்கள். வாழ்நாளில் ஒரு பகுதியை ஆணாகவும் மறு பகுதியைப் பெண்ணாகவும் வாழ்ந்தவர் அவர். இரண்டாவது இடம்தான் காசா சுசானா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்காளர், பொறியாளர், விமானி என்று காரில் வந்து இறங்குவார்கள். ஞாயிறு வரை ஒரு சட்டை பேன்ட் கண்ணில் படாது.

சட்டத்தை இங்கே மறந்துவிடக்கூடாது. நியூயார்க்கில் மாறுவேடத்தைத் தடுக்கும் ஒரு சட்டம் 1845இலிருந்து இருந்தது. அதை வைத்து 20ஆம் நூற்றாண்டில் பெண்ணுடை அணிந்த ஆண்களைக் கைது செய்தார்கள். அந்தச் சட்டம் வந்த கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்ஸ்கில் பகுதியிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் நிலக்கிழார்களுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் கிளர்ச்சி செய்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்க முகமூடி போட்டு, பூப்போட்ட கேலிகோ துணியில் தைத்த நீள அங்கிகளை அணிந்துகொண்டு வந்தார்கள். அவர்களை அடக்கப் போட்டதுதான் அந்தச் சட்டம். குடியானவன் அங்கி போட்டுக்கொண்டு திரிந்த அதே மலையில், நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, இவர்கள் அதே சட்டத்துக்குப் பயந்து அங்கி போட்டார்கள்.

இந்த நிலைமையில் படம் எடுப்பது சாதாரண காரியமல்ல. ஃபிலிமைக் கடையில் கொடுத்துக் கழுவினால் யார் கண்ணில் படும், யார் வீட்டுக்குச் செய்தி போகும் என்ற பயம். அதனால் கழுவ வேண்டிய தேவையில்லாத போலராய்டு வசதியாக இருந்தது. அதோடு, வருபவர்களிலேயே ஒருவர் படம் எடுக்கத் தெரிந்தவர். ஆண்ட்ரியா சூசன் என்ற பெயரில் இன்று அருங்காட்சியகப் பட்டியல்களில் இருப்பவர் அவர்தான். படம் எடுத்தவரும் அந்த வட்டத்துக்குள், பார்ப்பவர்களும் அந்த வட்டத்துக்குள்.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது? ஆச்சரியமாக, ஒன்றுமில்லை. சோபாவில் கணுக்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கிராபிள் விளையாடுகிறார்கள். சமையலறையில் நிற்கிறார்கள். புல்வெளியில் நாலு பேர் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். சில படங்களில் ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஃபிரேமுக்குள்ளேயே இரண்டு மூன்று கேமராக்கள். சிலவற்றைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாகப் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பியிருக்கிறார்கள். இரவு விடுதி மேடையின் மினுமினுப்பு இவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவாக ஒரு மத்தியானம் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத்தான் நான் இந்தப் படங்களின் கலை என்று சொல்வேன். அது லென்ஸிலோ ஒளியிலோ இல்லை. நிறைய படங்கள் சும்மா ஃபிளாஷ் அடித்து எடுத்தவை. கலை இருப்பது நிற்கும் விதத்தில். கையை எங்கே வைப்பது, தோளை எவ்வளவு தளர்த்துவது, பர்ஸை எந்தக் கையில் பிடிப்பது என்று ஒவ்வொன்றையும் யோசித்து, யோசித்தது தெரியாமல் நிற்க முயல்கிறார்கள். சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. வராதவர்களின் படங்கள்தான் எனக்கு அதிகம் மனதில் நிற்கின்றன.

சும்மா புகழ்ந்துவிட்டும் போகக்கூடாது. இந்த வட்டத்துக்கும் வேலி இருந்தது. படங்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள், நடுத்தர வர்க்கம். கார், விக், வார இறுதி வாடகை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வர்ஜீனியா பிரின்ஸ் நடத்திய அமைப்பில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கு இடமில்லை, பெண்ணாகவே மாற விரும்புபவர்களுக்கும் இடமில்லை. 'நாங்கள் மரியாதையான குடும்பஸ்தர்கள், உடை மட்டும்தான்' என்று உலகத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக வேறு இரண்டு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். படத்தில் தெரியும் அந்த அடக்கமான இல்லத்தரசிக் கோலத்துக்குள் இந்தக் கதவடைப்பும் இருக்கிறது.

இரண்டாவது சந்தை: பெயரில்லாத பெட்டி

விடுதி 1960களோடு முடிந்துபோனது. முப்பது நாற்பது வருஷம் கழித்து, மன்ஹாட்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில் ராபர்ட் ஸ்வோப், மிஷேல் ஹர்ஸ்ட் என்ற இரண்டு பழம்பொருள் வியாபாரிகள் அந்தப் படங்களையும் ஆல்பங்களையும் பார்த்து வாங்கினார்கள். 2005இல் பவர்ஹவுஸ் பதிப்பகம் அதை 'காசா சுசானா' என்ற புத்தகமாகப் போட்டது.

இந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு இரண்டு விதமான எண்ணம் உண்டு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அன்று அந்தப் பெட்டியைக் கடந்து போயிருந்தால் இது எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. யாரோ தனித்தனியாகப் பிரித்து ஒன்று இரண்டு டாலருக்கு விற்றிருப்பார்கள், இல்லை குப்பைக்குப் போயிருக்கும். பழம்பொருள் சந்தையில் ஓர் ஆல்பம் பிரிக்கப்படுவது அன்றாட நிகழ்ச்சி. மொத்தமாக விற்பதை விடத் தனிப்படமாக விற்றால்தான் லாபம். இவர்கள் பிரிக்கவில்லை. பார்த்த உடனே இது ஓர் இடம், ஒரு கூட்டம், ஒரு காலம் என்று புரிந்துகொண்டார்கள். கேலி செய்யவில்லை. கவர்ச்சியாகவும் ஆக்கவில்லை.

குறை என்னவென்றால், ஒரு சிறு முன்னுரை, அதற்குப் பிறகு படங்கள் மட்டும். இவர் யார், எந்த வருஷம், யார் எடுத்தது என்பது இல்லை. அவர்களுக்கே தெரியாது என்பது நியாயமான பதில். ஆனால் தெரியாமல் இருப்பது எப்படி ஓர் அழகியலாக மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத படம் மர்மமாகிறது. மர்மம் 'கண்டெடுத்த புகைப்படம்' என்ற கலைச்சந்தை வகைக்குள் பொருந்துகிறது. அந்த வகைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெயர் இருந்தால் அது யாரோ ஒருவரின் குடும்பப் படம். பெயர் போனால் கலைப்பொருள். இழப்பே விலையாகிறது.

இன்றும் ஏலத் தளங்களில் பழைய படங்களைத் தேடினால் இதன் சில்லறை வடிவத்தைப் பார்க்கலாம். இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நிற்கும் எந்தப் பழைய படத்துக்கும் 'கே ஆர்வம்' என்று ஒரு குறிச்சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் அண்ணன் தம்பியா, பட்டாளத்து நண்பர்களா, யாருக்கும் தெரியாது. கல்லூரி நாடகத்துக்காகப் புடவை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு நிற்கும் பையன் படமும் அதே கணக்கில் சேர்ந்துவிடும். அந்தக் குறிச்சொல் படத்தில் இருப்பவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. யார் வாங்குவார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு பிரிண்டை வாங்கியவருக்கு அந்தத் தாள் சொந்தம், பதிப்புரிமை எடுத்தவருக்கோ அவர் வாரிசுக்கோதான். ஆனால் எடுத்தவர் யாரென்றே தெரியாதபோது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஒளிந்து வாழ வேண்டியிருந்தவர்களின் படங்களில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. பயத்தில் அவர்களே பெயரை எழுதாமல் விட்டார்கள். அந்தப் பயம்தான் பின்னால் வந்த வியாபாரிக்கு வசதியாகப் போனது.

மூன்றாவது சந்தை: சுவரில் மாட்டிய பிறகு

2015இல் டொரண்டோவில் உள்ள ஒண்டாரியோ கலைக்கூடம் 340 படங்களை வாங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்கப் புகைப்படக்கலை பற்றிய ஒரு கண்காட்சியில் டயான் ஆர்பஸ், நான் கோல்டின் ஆகியோரின் படங்களோடு இவையும் இருந்தன. புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மனும் இந்தப் படங்களில் ஒரு தொகுதியை வைத்திருக்கிறார். 2023இல் பிரான்சின் ஆர்ல் புகைப்படத் திருவிழாவில் இசபெல் போனே, சோஃபி ஹேக்கெட் இருவரும் தொகுத்த கண்காட்சி. 2024 செப்டம்பரில் அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மரியின் விக் கடை இருந்த அதே மன்ஹாட்டன்.

இதை எளிதாகக் கிண்டல் செய்யலாம்: போலராய்டு அருங்காட்சியகம் ஏறிய கதை, பணக்காரச் சேகரிப்பாளர்கள், இத்யாதி. நானும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் விவரங்களைப் படிக்கப் படிக்க அந்த வாதம் நிற்கவில்லை. ஏனென்றால் பெயர்கள் திரும்பி வந்தது இந்த மூன்றாவது கட்டத்தில்தான். அருங்காட்சியகக் குறிப்புகளில் 'லிலி, வில்மா மற்றும் நண்பர்கள்', 'டோனா' என்று இருக்கிறது. எடுத்தவர் ஆண்ட்ரியா சூசனாக இருக்கலாம் என்று இருக்கிறது. 'டிரான்ஸ்வெஸ்டியா' இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதில் பெரும்பகுதி சாத்தியமாகியிருக்கிறது. முதல் சந்தை எழுதிவைத்ததை வைத்து, இரண்டாவது சந்தை அழித்ததை மீட்டிருக்கிறார்கள்.

செபாஸ்டியன் லிஃப்ஷிட்ஸ் 2022இல் எடுத்த ஆவணப்படம் இதில் இன்னும் ஒரு படி போகிறது. இந்த மனிதரிடமே ஒரு முரண் உண்டு. பல வருஷமாகப் பழைய பொருள் சந்தைகளிலும் இணையத்திலும் இத்தகைய படங்களை வாங்கிச் சேர்த்தவர் அவர். அந்தச் சேகரிப்பு 2016இல் ஆர்லிலும், 2018இல் லண்டனின் போட்டோகிராஃபர்ஸ் கேலரியிலும் காட்சிக்கு வந்தது. அதில் பெரும்பாலான முகங்களுக்குப் பெயர் கிடையாது. அதே ஆள் படம் எடுக்கும்போது கேமராவை ஆல்பத்தின் பக்கம் வைக்கவில்லை, அங்கே போய்வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போனார்.

அதில் வரும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயானா மெரி-ஷபீரோ என்பவர் பின்னால் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஸ்மால்டாக் கணினி மொழிக் குழுவில் வேலை செய்தவர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேதரின் கம்மிங்ஸ் நூலகர். இருவரும் காசா சுசானாவுக்கு வார இறுதி விருந்தினராகப் போனவர்கள், பின்னால் பெண்ணாகவே வாழ்ந்தவர்கள். அதாவது, எந்தப் படப்பெட்டிக்கு 'பெண்ணுடை அணிந்த ஆண்கள்' என்று சந்தை லேபிள் ஒட்டியதோ, அந்தப் பெட்டிக்குள் ஆண்களே அல்லாதவர்களும் இருந்திருக்கிறார்கள். நான் ஆரம்பத்தில் சொற்களைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். லேபிள் ஒரு நாளின் உடையை வைத்து எழுதப்படுகிறது. வாழ்க்கை அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கிறது.

இன்னொரு குரல் பெட்சி வோல்ஹைம். அமெரிக்க அறிவியல் புனைகதைப் பதிப்பாளர் டொனால்ட் வோல்ஹைமின் மகள். அப்பாவுக்கு அந்த விடுதியோடு இருந்த தொடர்பை மகளே கேமரா முன்னால் பேசியிருப்பதால் நானும் எழுதுகிறேன். சுசானாவின் சட்டப்பூர்வமான ஆண் பெயரையும் ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள், ஒரு நிமிடத்தில் கிடைக்கும். இங்கே அதை எழுதத் தேவையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுதியது, அழைக்கப்பட்டது, பெயர்ப்பலகை வைத்தது எல்லாம் சுசானா என்றுதான்.

எச்சிலும் ஏலமும்

வெளியிலிருந்து வந்த ஒருவர் எடுத்தால் என்ன ஆகும்? டயான் ஆர்பஸ் 1966இல் எடுத்த ஒரு படம் உண்டு. மேற்கு 20ஆம் தெருவில் தன் வீட்டில், தலையில் கர்லர் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞன். புருவம் திருத்தியிருக்கிறது, நீண்ட நகங்கள், விரலிடுக்கில் சிகரெட். 1967இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு இருந்தபோது யாரோ அதன்மேல் எச்சில் துப்பினார்கள். 2004இல் அதே படத்தின் ஒரு பிரிண்ட் ஏலத்தில் 1,98,400 டாலருக்குப் போனது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்து 'உலகம் எவ்வளவு மாறிவிட்டது' என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பியவர் படத்தில் இருந்த ஆளைப் பார்த்துத் துப்பினார். ஏலம் கேட்டவர் ஆர்பஸின் பெயருக்குப் பணம் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அந்த இளைஞன் பெயரில்லாதவன்தான். தலைப்பில் அவன் ஒரு 'இளைஞன்', அவ்வளவுதான். தெரு எண்கூட இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. படம் மோசமென்று நான் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் நேர்மை அபாரமானது, அவன் நம்மைத் திருப்பிப் பார்க்கும் விதமும்தான். ஆனால் கேமராவுக்கு முன்னால் நின்றவருக்கு அந்தப் படத்தில் முகம் மட்டும்தான் பங்கு.

மறுபக்கத்தில் மரியெட் பாத்தி ஆலன். 1978இல் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா விழா சமயத்தில், தங்கிய விடுதியில் தற்செயலாக ஒரு கிராஸ்டிரெஸ்ஸர் குழுவைச் சந்தித்தார். அந்தக் குழுவோடு உறவு விடவேயில்லை. 1989இல் வந்த அவருடைய 'டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' புத்தகத்தில் மனைவிகள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், பகல் வெளிச்சம் இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் சொந்த வார்த்தைகளும் உண்டு. ஆர்பஸின் பிரிண்டோடு வைத்தால் இவருடைய படங்கள் மென்மையாக, கொஞ்சம் இனிப்பாகக்கூடத் தெரியும். புகைப்பட விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தப் புத்தகத்தை யார் வாங்கினாலும், படத்தில் இருந்தவர்கள் அதைத் தங்கள் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியும். விமர்சனத்தில் இதையும் ஓர் அளவுகோலாக வைக்கக்கூடாதா?

ஒரு ரோல் ஃபிலிம்

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. அவர் கிராஸ்டிரெஸ்ஸர் அல்ல, ஹிஜ்ரா. ஆனால் கேள்வி ஒன்றுதான். 1989இல் தயானிதா சிங் ஒரு லண்டன் செய்தித்தாளுக்காக டெல்லியில் மோனா அகமதைப் படமெடுக்கப் போனார். எடுத்து முடித்த பிறகு, இது லண்டனில் வெளியாகும் என்று மோனாவுக்குத் தெரிந்தது. அங்கே அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். அந்த வேலை அன்று போனது. 2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமத்' புத்தகம் வந்தபோது, அதன் எழுத்து முழுக்க மோனா பதிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல்களாக இருந்தது. தலைப்பிலும் அவர் பெயர். இடையில் பன்னிரண்டு வருஷம், ஒரு நட்பு.

கூவாகத்தை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு சித்திரைக்கும் அங்கே வரும் கேமராக்களின் எண்ணிக்கை நாம் அறிந்ததுதான். தாலி அறுத்து அழும் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸ். படங்கள் விற்கும் தளங்களில் 'கூவாகம்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும், விலைப்பட்டியலோடு. 'விழாவில் ஒரு திருநங்கை' என்று இருக்கும். பெயர் இருப்பது அபூர்வம். எடுத்தவரின் பெயர் மட்டும் ஒவ்வொரு படத்திலும் தவறாமல் இருக்கும்.

அப்போ விற்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். விற்பனையே இழிவு என்பது ஒரு வசதியான பாசாங்கு. 'டிரான்ஸ்வெஸ்டியா'வும் விற்பனைதான், காசா சுசானாவும் வாடகை வாங்கிய விடுதிதான். சின்னச் சந்தை என்பதால் அது கீழானதும் அல்ல. பெரிய சந்தை துரத்தியவர்களுக்கு அந்த இருபத்தைந்து பேர்தான் உலகமாக இருந்தார்கள். இன்றைக்கும் ஒரு கிராஸ்டிரெஸ்ஸர் தன் படத்தைத் தானே எடுத்து, தன் விலையில், தன் பெயரில் விற்றால் அதில் யாருக்கு என்ன குறை?

பெயர் போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்த மனிதர்களுக்குப் பெயரே ஆபத்தாக இருந்தது. செத்த பிறகும் ஒருவரின் சட்டப்பெயரைப் படத்துக்குக் கீழே எழுதுவது, அவர் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றியதை அரைநொடியில் உடைப்பது. ஆக வியாபாரி செய்யும் பெயர் அழிப்பும் தப்பு, ஆய்வாளர் செய்யும் பெயர் அம்பலமும் தப்பாகலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை அவர்களே விட்டுப்போயிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. சுசானா, லிலி, வில்மா, டோனா. யாரும் கட்டாயப்படுத்தாமல் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், அந்த உடையில் நின்றவரின் பெயர். படத்துக்குக் கீழே எழுத வேண்டியது அதுதான். அது தெரியாத இடத்தில், தெரியாதது ஒரு குறை என்றாவது எழுத வேண்டும். அதை மர்மம் என்று விற்கக்கூடாது.

என் ஃபோல்டரில் இருந்தவற்றை இந்த அளவுகோலில் மறுபடி பார்த்தேன். அருங்காட்சியகப் பட்டியலிலிருந்து எடுத்தவற்றுக்குப் பெயர் இருந்தது. அவற்றை வேண்டுமானால் யாரும் அந்தந்தத் தளத்திலேயே குறிப்போடு பார்க்கலாம். மீதியெல்லாம் ஏலத் தளத்துப் படங்கள். ஒன்றில் ஓர் ஆள், நாற்பது வயது இருக்கும், வீட்டுக் கூடத்தில் பூப்போட்ட கவுனில் நிற்கிறார். பின்னால் ஜன்னல் திரை முழுக்க மூடியிருக்கிறது. விளக்கத்தில் வருஷம் இல்லை, ஊர் இல்லை. தாளின் அளவும், ஓரத்தில் சிறு மடிப்பு இருக்கிறது என்பதும், விலையும் இருந்தன. அந்தத் திரையை அவர் மூடிவைத்தது என்னைப் போன்ற ஒருவன் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். நான் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் போக வேண்டாம் என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன்.